பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகும் டீச்சர்களுக்கு, நான் பட்டதிலிருந்து

வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மலையைக் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. கன்டெய்னர் லாரியும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் மணலிப் புகைபோக்கியும்தான் அவர்கள் அண்ணாந்து பார்க்கிற உயரம். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இவர்களை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து சுற்றுலாவை நிறுத்திவிடாதீர்கள். போங்கள். ஆனால் போவதற்கு முன்னால், எனக்கு ஒருத்தரும் சொல்லாத சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். முதலுதவிப் பயிற்சி என்று நினைத்து நான் கொடுத்த பணம் போனது போகட்டும். அந்தப் பயிற்சியை நம்பி ஒரு மலையடியில் நான் நின்ற நிலைமை வேறு எந்த டீச்சருக்கும் வரக்கூடாது.

நான் சமூக அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுக்கு முந்தைய காலம் என்ற பாடம் வரும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அத்திரம்பாக்கத்தில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். அந்த இடம் நம்ம ஊரிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடுகிற தூரம்தான் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் குடியம் கிராமம். ஊரைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் நடந்தால், கற்கால மனிதர்கள் தங்கியிருந்த பெரிய பாறைக் குகை. கூரைபோல் முன்னால் தள்ளி நிற்கிற அந்தப் பாறைக்கு அடியில் நின்றால் பாடமே வேண்டாம், பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். வனத்துறையில் அனுமதி வாங்கி, வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவரையும் ஏற்பாடு செய்திருந்தேன்.

பள்ளி நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டது. கூடப் போகிற பெரியவர்களில் ஒருவருக்காவது முதலுதவிச் சான்றிதழ் இருக்கவேண்டும். நியாயமான நிபந்தனைதான். இணையத்தில் தேடி, ஒரு தனியார் நிறுவனம் நடத்திய ஒருநாள் பயிற்சியில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஓட்டல் ஹால், ஏசி, மதியம் பஃபே. காலையிலிருந்து திரையில் ஆங்கிலத்தில் படம் ஓடியது. நாற்பது பேருக்கு ஒரே ஒரு பொம்மை. என் முறை வந்தபோது அதன் நெஞ்சை அரை நிமிஷம் அழுத்திப் பார்த்தேன், அடுத்தவர் வந்துவிட்டார். கட்டுப்போடும் பாடத்தில், நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்த ஒருவரின் நல்ல காலில், பேண்ட்டுக்கு மேலேயே துணியைச் சுற்றிக் காட்டினார்கள். எந்த அவசரத்தைப் பற்றிக் கேட்டாலும் கடைசி வரி ஒன்றுதான்: "108-க்கு போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்." நான் எழுந்து, பிள்ளைகளைக் காட்டுப்பகுதிக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "சிக்னல் இருக்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள் மேடம்" என்றார் பயிற்சியாளர். சாயங்காலம் தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். நிர்வாகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில் போனோம். எங்களோடு வரவேண்டிய பி.டி. சாருக்கு அன்றைக்கு வேறு பள்ளியில் மேட்ச் டூட்டி போட்டுவிட்டார்கள். நானும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு டீச்சரும், முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளும். அருங்காட்சியகத்தில் நேரம் கொஞ்சம் இழுத்துவிட்டதால், குகை வரை போய்ப் பார்த்துத் திரும்பும்போது உச்சி வெயில். குடியம் பக்கத்துப் பாறை, உருண்டைக் கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த பாறை. அதிலிருந்து கழன்று விழுந்த கற்கள்தான் பாதை முழுக்கக் கிடக்கின்றன. இறங்கும்போது கோலிக்குண்டுகளின் மேல் நடப்பதுபோல் கால் வழுக்கும். பள்ளிச் சீருடையோடு போட்டுக்கொள்கிற கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகமோ தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஒரு சரிவில் ஒரு பையன் வழுக்கினான். கால் ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது, உடம்பு மறுபக்கம் போய் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே கால் நேராக இல்லை.

பையனுக்கு முகமெல்லாம் வியர்வை. "மிஸ், கால் போச்சு மிஸ், எங்கம்மாவாண்ட சொல்லாத மிஸ்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வழிகாட்ட வந்த பெரியவர் நல்ல மனுஷர், பதறிப்போனார். "டீச்சரம்மா, நான் புடிச்சு இழுத்து வுட்டுர்றேன், எலும்பு உக்காந்துடும்" என்று காலைப் பிடிக்க வந்துவிட்டார். ஊரில் பலபேருக்கு அப்படிச் செய்து பார்த்திருப்பார்போல. வேண்டாம் என்று நான் குறுக்கே கையை நீட்டியபோது, ஏன் வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணம் இல்லை, பயம்தான் இருந்தது. காரணத்தைப் பின்னால் கற்றுக்கொண்டேன். உடைந்த எலும்பின் முனைக்குப் பக்கத்தில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும். தெரியாமல் இழுத்தால் அவை கிழியலாம். பாதத்துக்கு ரத்தமே போகவில்லை என்ற நிலைமையில்தான், பயிற்சி பெற்றவர்கள், காலை மெதுவாக நேர்படுத்துவது பற்றி யோசிப்பார்கள். இப்படிப்பட்ட ஒரு பெரியவர் எந்த ஊர்ப் பயணத்திலும் உங்கள் பக்கத்தில் இருப்பார். அவரிடம் மரியாதை குறையாமல், ஆனால் உறுதியாக, என்ன சொல்லவேண்டும் என்பதை முன்கூட்டியே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உடனே ஒரு வேலை கொடுத்துவிடுவது நல்லது. "ஐயா, நீங்க மேட்டுமேல ஏறி போன் எடுக்குதான்னு பாருங்க" என்றேன். உடனே ஓடினார்.

மேட்டின்மேல் அவருடைய போனில் சிக்னல் கிடைத்தது. 108-ல் பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் குகைக்கு முகவரி என்று என்ன சொல்ல முடியும்? ஆம்புலன்ஸ் கிராமம் வரைதான் வரும், அதற்கு மேல் வண்டிப்பாதை இல்லை. அது யாருடைய குற்றமும் இல்லை, இடம் அப்படி. பையனை ஊர் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது எங்கள் வேலை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவன் விழுந்ததிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றியதுவரை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். என் சான்றிதழ் பத்து நிமிஷத்துக்கானது. மீதி நேரத்துக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

இரண்டு குச்சியும் துப்பட்டாவும் வைத்துக் காலை அசையாமல் கட்டினேன், ஓட்டல் ஹாலில் காட்டியபடியே. ஹாலில் கட்டு ஐந்து நிமிஷம்தான் இருந்தது. இங்கே நேரம் ஆக ஆகக் கால் வீங்கியது, கட்டு தானாக இறுகியது. ஷூவைக் கழற்றாமல் கட்டியதால் பாதம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் இருந்த உதவியாளர் வந்ததும் செய்த முதல் வேலை, ஷூ லேஸை வெட்டி, விரல்களைத் தொட்டுப் பார்த்து, கட்டைத் தளர்த்தியது. விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. "நல்லவேளை மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் விரலில் சூடு இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா, ஆட்ட முடிகிறதா என்று பார்க்கவேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் ரத்த நிறம் திரும்ப வேண்டும். கால்மணிக்கு ஒரு தடவை இதைத் திரும்பப் பார்க்கவேண்டும். மூன்று வாக்கியம். 4,500 ரூபாய்க்கு இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லித்தந்திருக்கலாம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பையனைப் பற்றி அல்ல. எல்லோரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு வேலமரத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுகிறாள் என்று அவள் தோழி வந்து சொன்னாள். போய்ப் பார்ப்பதற்குள் சரிந்துவிட்டாள். உடம்பு கொதித்தது, பேச்சு குழறியது, என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கைவசம் இருந்த தண்ணீரையெல்லாம் அவள் தலையிலும் கழுத்திலும் உடம்பிலும் ஊற்றி, அட்டையால் விசிறினோம். அது சரியான காரியம் என்று பிறகு தெரிந்தது. வெயிலில் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் புத்தி தடுமாறினால், முதலில் குளிரவைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அரைமணியில் அவளுக்குத் தெளிந்தது. அதன்பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் வைத்து அவளிடம் மெதுவாகக் கேட்டேன். காலையிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை. வழியில் பாத்ரூம் இருக்காது என்று தெரிந்து, வேண்டுமென்றே குடிக்காமல் இருந்திருக்கிறாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தேன். அநேகமாக எல்லாப் பெண் பிள்ளைகளும் அப்படித்தான் வந்திருந்தார்கள். பாட்டில் நிறையத் தண்ணீர், திறக்கவே இல்லை. மாதவிலக்கு நாளாக இருந்தால் இன்னும் மோசம், காலை சாப்பாட்டையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். எத்தனை பயணங்களில் எத்தனை பிள்ளைகள் இப்படித் தாகத்தோடு நடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது. "நிறைய தண்ணி குடிங்க" என்று மைக்கில் கத்துவதால் இது தீராது. பெண் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிறவர்களுக்குக் கழிப்பிட ஏற்பாடுதான் முதல் முதலுதவி. எந்த முதலுதவிப் புத்தகத்தில் இது இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் அனுபவத்தில் இதற்கே முதல் இடம்.

ஊரிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலைந்து இளைஞர்கள் வந்தார்கள். அதில்தான் பையனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். அந்தச் சரிவில் கட்டிலைத் தூக்க நாலு பேர் போதாது. மாற்றி மாற்றிப் பிடிக்க எட்டுப் பேராவது வேண்டும். தூக்கவும் இறக்கவும் யார் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்வது, யார் முன்னால் பாதை பார்ப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளவும் வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் ஆம்புலன்ஸில் போனதால் மற்றப் பிள்ளைகள் எல்லோரையும் அந்தப் புது டீச்சர் தனியாகப் பஸ்ஸில் அழைத்துவர வேண்டியதாயிற்று. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் என்றால், ஒருத்தருக்கு அடிபட்ட உடனே அது ஒருவர் ஆகிவிடுகிறது. குறைந்தது மூன்று பேர் இல்லாமல் கிளம்பாதீர்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போனால் தேதியை மாற்றுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

மறுநாள் பையனைச் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, நல்லவேளை தோலைக் கிழித்து வெளியே வரவில்லை. அவன் அம்மா, எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டுப் போடுகிற புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிடலாம் என்று நின்றார். நம்ம பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் வருகிற பேச்சு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து அவருக்கே காட்டிப் பொறுமையாகச் சொன்னபிறகுதான் சமாதானமானார். அவன் அப்பா காசிமேட்டில் போட் வேலைக்குப் போகிறவர். மகனோடு ஆஸ்பத்திரியில் இருந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. வைத்தியத்துக்குச் செலவில்லை. ஆனால் ஆட்டோ, சாப்பாடு, ஊன்றுகோல், அந்த வீட்டுக்குப் போன கூலி என்று நானாகக் கொடுத்தது சுமார் 12,000 ரூபாய். பள்ளி சார்பில் ஒரு காப்பீடும் எடுத்திருக்கவில்லை. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு கிளை அலுவலகத்துக்குப் போய், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, என்னென்ன சேரும், என்னென்ன சேராது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் விளக்கக் கடிதங்கள். நிர்வாகத்துக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஞாபகத்திலிருந்து எழுத முடியவில்லை. பயத்தில் நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. சம்பவம் நடக்கும்போதே ஒரு பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து, மணியைப் பார்த்து எழுதச் சொல்லவேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாடித்துடிப்பு, மூச்சு, கூப்பிட்டால் பதில் சொல்கிறானா, விரல் நிறம், என்ன குடித்தான் என்று எழுதிய அந்தத் தாள் ஆஸ்பத்திரிக்கும் உதவும், பின்னால் உங்களுக்கும் உதவும். அந்த வாரங்களில் நான் ராத்திரி தூங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அது திட்டைவிடக் கஷ்டம்.

கோடை விடுமுறையில் உண்மையான பயிற்சியைத் தேடத் தொடங்கினேன். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துகிற அடிப்படைப் பயிற்சி உண்டு. பள்ளியில் ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) பொறுப்பில் இருப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம், அடித்தளம் உறுதியாகும். ஆனால் ஆஸ்பத்திரி எட்டாத இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவருக்கு அதற்கு மேலும் வேண்டும். வெளியிட முதலுதவி என்று அதற்குத் தனிப் பாடமே உலகம் முழுக்க இருக்கிறது. பிரிட்டனில் மலை நடைக்குக் குழுக்களை அழைத்துப்போகும் வழிகாட்டிச் சான்று வேண்டுமென்றால் குறைந்தது 16 மணி நேர முதலுதவிப் பயிற்சி கட்டாயம். இங்கேயும் சாகச முகாம் நடத்துகிற சிலர் அதேபோன்ற இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தத் தடவை நான் நிறையக் கேள்வி கேட்டேன், நீங்களும் கேளுங்கள். மொத்த மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் வெட்டவெளியில் நடக்கும்? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் உங்கள் கை எதையும் தொடாது. பயிற்சியாளர் தானே மலையிலோ காட்டிலோ ஆட்களைக் கவனித்தவரா, அல்லது தொழிற்சாலைகளுக்கு வகுப்பு எடுப்பவரா? ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரமாகும் என்று வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாரா? பிள்ளைகளுக்குச் செய்கிற முறையைத் தனியாகச் சொல்லித்தருவாரா? தமிழில் நடத்துவாரா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதற்றத்தில் நமக்கு வாயில் வருவது நம் மொழிதான், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த படிகள் அந்த நேரத்தில் மறந்துபோகும். தொலைபேசியில் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் சான்றிதழ் எந்தெந்த நாட்டில் செல்லும் என்றே பேசுகிறவர்களை விட்டுவிடுங்கள்.

ஏலகிரியில் நடந்த ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். கட்டணம் 9,500 ரூபாய், ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ். முதல் மணி நேரத்திலேயே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். காயம்பட்டவர்போல் கட்டாந்தரையில் அசையாமல் முக்கால் மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அப்படிப் படுத்திருந்தபோதுதான் அந்தப் பையன் பட்ட கஷ்டம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. முதுகில் கல் குத்துகிறது, எறும்பு ஏறுகிறது, தலைக்கு மேல் நாலு பேர் நம்மைப் பற்றியே பேசுகிறார்கள், ஒருத்தரும் நம்மிடம் பேசுவதில்லை. அடிபட்டவருக்கு அடியில் பையோ பாயோ விரிப்பதும், முகத்துக்கு நிழல் பிடிப்பதும், என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதும் மருந்துக்குச் சமம் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஒத்திகை. இரண்டு பேருக்கு அடி, ஒருவர் கத்துகிறார், ஒருவர் சத்தமே போடாமல் கிடக்கிறார். எல்லோரும் கத்துகிறவரிடம் ஓடினோம். பயிற்சியாளர் விசிலை ஊதி நிறுத்திவிட்டு, சத்தம் போடாதவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார். எனக்கு வேலமரத்தடிதான் கண்ணில் நின்றது.

அங்கே கற்றதில் நம் பக்கத்துக்கு உடனே தேவைப்படுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பாம்பு கடித்தால் இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை அல்லது காலை முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். பாம்பைத் தேடி அடிக்கப் போவது நேரத்தையும் தின்னும், இன்னொருவருக்கும் கடி வாங்கித்தரும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதை நிறுத்துங்கள். பக்கத்தில் இருக்கிற கல்லையும் கட்டையையும் தள்ளிவைத்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் அது பெரிய அவசரம். கடலில் மூழ்கியவரைக் கரையில் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது நம் கடற்கரையில் சாதாரணமாக நடக்கிறது. அது கூடாது. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய்வைத்து மூச்சு, உடனே நெஞ்சை அழுத்துவது, முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. பழவேற்காடோ எண்ணூரோ போகிறவர்கள் இதைப் பொம்மையில் கை வலிக்கும்வரை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், எப்படியாவது சீக்கிரம் எடுங்கள். கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமில்லாமல் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அப்போதே கிளம்பிவிட வேண்டும். குடியத்தில் பாறையில் மலைத்தேன் கூடுகள் தொங்குகின்றன. அங்கே சத்தமும் புகையும் சென்ட்டும் கூடாது.

இரண்டாவது பயிற்சிக்கான செலவில் பாதியை நிர்வாகம் பிறகு தந்தது, மீதி என் கையிலிருந்துதான். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. ஏலகிரியில் கொடுத்த பணத்துக்கு எனக்கு வருத்தமில்லை. ஹாலில் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் அது எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நம்பவைத்தது.

அதன்பிறகு நடந்த பயணங்களில் சில பழக்கங்களை மாற்றிவிட்டேன். பெற்றோர் கையெழுத்துப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களை நேரில் கூப்பிட்டு நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன். வலிப்பு இருக்கிறது என்று எழுதினால் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டார்கள் என்று மறைக்கிறவர்கள் உண்டு. கூட்டிப்போவதற்காகத்தான் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கப்போகிற பாதையை முந்தின வாரமே ஒரு தடவை நடந்து பார்த்து, எங்கே சிக்னல் கிடைக்கிறது, வண்டி எதுவரை வரும், அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், பக்கத்துக் கோயில் எது, அரசு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் எழுதி மூன்று பெரியவர்களிடமும் கொடுக்கிறேன். நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112 போகும் என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிவரை வெயிலில் நடப்பதில்லை.

முதலுதவிப் பையை நானே பாரிமுனையில் சுற்றி வாங்கிச் சேர்த்தேன், 2,800 ரூபாய் ஆயிற்று. அகலமான கட்டுத்துணிகள், கையுறை, துணி வெட்டும் கத்திரி, சுருட்டிய ஃபோம் பாய், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வெப்பமானி, விசில், டார்ச், பேனாவும் நோட்டும். ஃபோம் பாய் காலுக்கு அணைகொடுக்கவும் படுக்கவைக்கவும் இரண்டுக்கும் ஆகும். ஓ.ஆர்.எஸ். தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பைக்கு மேலே நாலு பழைய புடவையும் கயிறும் கட்டி வைத்திருக்கிறேன். நிற்கிற இடத்திலெல்லாம் இரண்டு மரத்துக்கு நடுவில் புடவையைக் கட்டிவிட்டு, பெண் பிள்ளைகள் போய்வந்த பிறகுதான் கிளம்புவோம், காவலுக்கு ஒரு டீச்சர் நிற்பார். நாப்கினும் காகிதப் பையும் அங்கேயே இருக்கும், யாரும் வாய்திறந்து கேட்கவேண்டியதில்லை. இப்போது அவர்களுடைய பாட்டில்கள் காலியாகித்தான் திரும்பி வருகின்றன.

அந்தப் படிவமும், தாளின் மாதிரியும், பைக்கான பட்டியலும் தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் பள்ளிக்கும் நீங்கள் போகிற இடத்துக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.